மூன்று தட்டு, ஆறு பக்கம், எல்லாவற்றிலும் கைதட்டல்

லைவ் ஆல்பம் என்றாலே எனக்கு ஆகாது. எண்பதுகளிலிருந்து ரெக்கார்டு சேர்க்கிறேன். எல்.பி. என்ற நீள இசைத்தட்டும், நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டான 78-உம் அலமாரி கொள்ளாமல் நெல் மூட்டை போட்டிருந்த அறைவரை வந்துவிட்டன. அத்தனையில் கச்சேரி மேடையில் பதிந்த தட்டுகள் சொற்பம், அவையும் யாராவது தலையில் கட்டியவை. ‘தி கான்சர்ட் ஃபார் பங்களாதேஷ்’ மட்டும் நானே காசு கொடுத்து வாங்கியது. கும்பகோணத்தில் ஒரு பழைய பித்தளைச் சாமான் கடையில் குத்துவிளக்குகளுக்குப் பின்னால் கிடந்தது. ஆரஞ்சு நிறப் பெட்டி, மூன்று தட்டு, கூடவே படப் புத்தகம். கடைக்காரர் இரண்டாயிரத்து ஐநூறு சொன்னார், ஆயிரத்து எண்ணூறுக்கு முடிந்தது. சிதார் மேதை ரவிசங்கர் இருக்கிறாரே என்றுதான் எடுத்தேன்.

பெட்டியின் ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது. தட்டுகளில் ஆற்றங்கரை வீடுகளுக்கே உரிய வெள்ளைப் பூஞ்சை. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் துளி ஷாம்பு கலந்து கழுவியதும் போய்விட்டது. முள் எங்கும் குதிக்கவில்லை.

இது பதிவானது 1971 ஆகஸ்ட் 1, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில், ஒரே நாளில் இரண்டு கச்சேரி. 1970 நவம்பர்ப் புயலும் அப்புறம் வந்த போரும் இன்றைய பங்களாதேஷான கிழக்கு வங்கத்து மக்களை அகதிகளாக்கியிருந்தன. ரவிசங்கர் கேட்டதால் பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் நிதி திரட்ட இதை நடத்தினார். புயலுக்குப் பின் ஒரு ஊர் எப்படிக் கிடக்கும் என்பதை, 2018 நவம்பரில் கஜாவைப் பார்த்த எங்கள் பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நோக்கத்தை ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். என் பேச்சு தட்டைப் பற்றி மட்டும்.

முதல் பக்கம் முழுக்க ரவிசங்கர் சிதார், அலி அக்பர் கான் சரோட், அல்லா ரக்கா தபலா. சுருதி சேர்த்து நிறுத்துகிறார்கள், கூட்டம் கை தட்டுகிறது. சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்ததென்றால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என்கிறார் ரவிசங்கர். (எங்கள் சபாக்களில் சுருதி சேர்க்கும்போது யாரும் தட்ட மாட்டார்கள், கேன்டீன் திறந்தாயிற்றா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.) அந்த அரங்கில் அந்த நொடியில் அது நல்ல வேடிக்கைதான். தட்டில் பதிந்த வேடிக்கை, முள் வைக்கும்போதெல்லாம் அதே குரலில் அதே இடத்தில் வருகிறது. அந்தக் கூட்டம் இன்றுவரை கற்றுக்கொள்ளவில்லை.

கச்சேரிக்கு நான் விரோதி இல்லை. தை மாதம் திருவையாற்றுப் பந்தலில், நாட்டையில் தொடங்கி ஸ்ரீ ராகம்வரை தியாகராஜரின் பஞ்சரத்னக் கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடும்போது குரல் சேராத இடங்கள் நிறையவே இருக்கும். பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் தொடையில் தாளம் போடுவார், காவிரிக் காற்று வரும், எனக்கு ஒன்றும் குறையாகத் தெரியாது. மைக் அந்த மனிதரையும் காற்றையும் விட்டுவிட்டு, சேராத குரலையும் இருமலையும் மட்டும் கொண்டுவந்து கொடுக்கிறது.

நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கோயில் புறப்பாட்டில் தோடி ராகத்தை மணிக்கணக்கில் வாசிப்பார் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி அலுத்ததில்லை. 78-இல் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான். அந்தக் கெடுவுக்குள் அவர் எதை வைத்தார், எதை விட்டார் என்பதுதான் ரெக்கார்டு. கூடத்தில் ஒருவன் தனியாக உட்கார்ந்து கேட்பான் என்று தெரிந்து வாசித்தது அது.

பங்களாதேஷ் பெட்டியில் அந்தச் சிக்கனம் இல்லை. மூன்றாவது பக்கத்தில் வாத்தியக்காரர்களை அறிமுகப்படுத்துவதே தனி டிராக். ரிங்கோ ஸ்டாரும் ஜிம் கெல்ட்னரும் இரண்டு டிரம்ஸ் வாசிக்கிறார்கள், எது யாருடையது என்று என் ஸ்பீக்கரில் பிரியவில்லை. ஆறாவது பக்கத்தில் இரண்டே பாட்டு, பத்து நிமிடம்கூட வராது. உட்கார்ந்து காபியை ஆற்றுவதற்குள் எழுந்து போக வேண்டும். இதற்கு ஒரு தட்டையே குறைத்திருக்கலாம்.

ஐந்தாவது பக்கம் வேறு கதை. முழுக்க அமெரிக்கப் பாடகர் பாப் டிலன். கூட்டம் இருப்பது தெரிகிறது, ஆனால் அவர் அதைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. எனக்குப் பிடித்ததே அதனால்தான். முதல் பக்கத்திலும் கைதட்டலைத் தாண்டி முள்ளை வைத்தால் சிதாரும் சரோடும் பதினாறு நிமிடத்துக்கு மேல் ஒன்றையொன்று துரத்துகின்றன. அல்லா ரக்கா கடைசியில் வேகம் கூட்டும் இடத்தில் நானே தொடையில் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஆறு பக்கத்தில் இரண்டு தேறும். ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன், அந்த அரை படப் புத்தகத்துக்கு. மாயவரம் பக்கத்தில் யாரிடமாவது ராஜரத்தினம் பிள்ளையின் 78 விரிசல் இல்லாமல் இருந்தால் பெட்டியோடு மாற்றிக்கொள்ளத் தயார். கரையான் தின்ற மூலைக்கு அட்டை ஒட்டித் தருகிறேன்.