எட்டு மாசம் காசு கட்டி யூஸ் பண்ணின ஸ்போர்ட்ஸ் நியூஸ் ஆப், என் ரேட்டிங் 5க்கு 2

ஆப் பேரைச் சொல்லப் போறதில்ல. இதே மாதிரி நாலஞ்சு இருக்கு, எல்லாத்துலயும் கிட்டத்தட்ட இதே கதைதான், அதனால எதுக்கு காசு கட்ட யோசிச்சாலும் இதை ஒரு தடவை படிச்சிட்டு கட்டுங்க.

ஸ்கோர் பக்கம் குறையே இல்ல. டிவியில பால் போடறதுக்குள்ள இதுல வந்துடுது, புள்ளிவிவரம் சரியா இருக்கு, போனும் சூடாகல. ஆனா அது இலவச வெர்ஷன்லயே கிடைக்குது. நான் காசு கட்டினது மைதானத்துக்கு வெளிய நடக்கறதுக்காக. வழக்கு, ஊக்கமருந்து, சூதாட்டம், மனசு உடைஞ்சு ஒதுங்கினவங்க கதைன்னு இதுக்குன்னே தனி செக்‌ஷன் வச்சிருக்காங்க, கூட தினமும் ஒரு மணி நேர விவாத ஷோ.

சேர்ந்து ரெண்டாவது மாசம், ராத்திரி பதினொன்னரை இருக்கும், போன் அதிருது. ஒரு பெரிய பிளேயர் மேல புகார், "கரியர் முடிஞ்சதா?"ன்னு தலைப்பு. உள்ள போனா விஷயம் மூணே வரி: ஒருத்தர் புகார் கொடுத்திருக்காங்க, போலீஸ் இன்னும் எதுவும் சொல்லல, கிளப் விசாரிக்கறதா சொல்லுது. அதுக்குக் கீழ பூரா பழைய போட்டோவும் யாரோ சோஷியல் மீடியால போட்டதும்தான். நான் என்ன பண்ணேன், அதை அப்படியே குடும்ப குரூப்ல தட்டிவிட்டு "இவனும் இப்படித்தானா"ன்னு எழுதினேன். மறுநாள் அக்கா பையன் சுவத்துல ஒட்டி வச்சிருந்த அந்த ஆளோட போஸ்டரைக் கிழிச்சிட்டான், பன்னெண்டு வயசு அவனுக்கு.

மூணு மாசம் கழிச்சு விசாரணை முடிஞ்சு, ஆதாரம் இல்லன்னு கேஸை மூடிட்டாங்க. அதுக்கு ஒரு அலர்ட் வரல. வேற எங்கயோ படிச்சுதான் எனக்கே தெரிஞ்சது, ஆப்ல தேடினா அடியில நாலு வரி செய்தியா கிடக்குது. பையன்கிட்ட சொன்னேன். "அப்போ அன்னைக்கு ஏன் மாமா அப்படி அனுப்பினீங்க?"ன்னு கேட்டான். பதில் சொல்ல முடியல.

அன்னையிலிருந்து எல்லாத்தையும் இந்தக் கண்ணோட பார்க்க ஆரம்பிச்சேன். இங்கிலாந்து கிரிக்கெட் பிளேயர் பென் ஸ்டோக்ஸ் பக்கத்தையே எடுத்துக்கோங்க. 2017 செப்டம்பர்ல பிரிஸ்டல் நைட் கிளப் வெளிய நடந்த சண்டை, அந்த வீடியோ, அதனால அந்த சீசன் ஆஷஸுக்கு (ஆஸ்திரேலியாவோட ஆடற டெஸ்ட் தொடர்) போக முடியாம போனது, இதெல்லாம் பக்கம் பக்கமா இருக்கு. 2018 ஆகஸ்ட்ல ஜூரி குற்றவாளி இல்லன்னு சொன்னது ஒரே வரியில முடியுது. கோர்ட்டு விடுவிச்ச பிறகும் இங்கிலாந்து கிரிக்கெட்டோட ஒழுங்கு நடவடிக்கைக் குழு தனியா விசாரிச்சு அவருக்கு அபராதமும் மேட்ச் தடையும் போட்டுச்சு, அதுவும் அங்க இல்ல. குற்றவியல் வழக்குல தப்பிச்சா ஒழுங்கு விசாரணையிலயும் தப்பிச்ச மாதிரி இல்ல, அது வேற இது வேற, இந்த வித்தியாசத்தை ஒரு வாசகனுக்கு புரிய வைக்கத்தானே இப்படி ஒரு செக்‌ஷன்.

ஸ்டோக்ஸ் பிறக்கறதுக்கு முன்னாடியே அவர் குடும்பத்துல நடந்த ஒரு துயரத்தை 2019ல ஒரு பிரிட்டிஷ் டேப்ளாய்ட் (பரபரப்புப் பத்திரிகை) முதல் பக்கத்துல போட்டுச்சு, 2021ல மன்னிப்பு கேட்டு இழப்பீடும் கொடுத்துச்சு. இதைப் பத்தின பழைய எபிசோடு ஆப்லயே இருக்கு. "பிரபலம்னா எல்லாம் நியூஸ்தான்"னு அதுல ஒருத்தர் சொல்ல, மத்தவங்க தலையாட்டறாங்க. அந்தத் துயரத்துக்கும் அவர் ஆடற கிரிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம்னு ஒருத்தர் கூட கேக்கல.

அந்த விவாத ஷோதான் இருக்கறதுலயே மோசம். திரையில நாலு பேர் நாலு பெட்டியில. டென்னிஸ் பிளேயர் நவோமி ஒசாகா எபிசோடுக்கு தலைப்பே "மனநலமா, சாக்கா?". 2021 பிரெஞ்ச் ஓப்பன்ல முதல் மேட்ச் ஜெயிச்சிட்டு பிரஸ் மீட்டுக்கு போகல, 15,000 டாலர் அபராதம் போட்டாங்க, தொடர்ந்தா தகுதி நீக்கம் வரைக்கும் போகலாம்னு நாலு கிராண்ட்ஸ்லாமும் சேர்ந்து எச்சரிச்சாங்க, அவங்க போட்டியிலிருந்தே விலகி, 2018லிருந்து மனச்சோர்வு இருக்குன்னு எழுதினாங்க. ஷோல ஒரு பழைய பிளேயர், தோத்து அரை மணி நேரம்கூட ஆகாம அந்த நாற்காலியில போய் உட்கார்றது எப்படி இருக்கும்னு மெதுவா சொல்ல ஆரம்பிச்சார், "எனக்கு ஒரு தடவை கை நடுங்கி தண்ணி பாட்டிலை…"ன்னு வந்துட்டார், அதுக்குள்ள ஹோஸ்ட் புகுந்து "அப்போ ஃபேன்ஸுக்கு என்ன பதில்?"னு கேட்டு பக்கத்து பெட்டிக்கு தாவிட்டார். திரும்ப அவர்கிட்ட வரவே இல்ல. ஒரு மணி நேரத்துல கேக்க வேண்டிய ஒரே விஷயம் அதுதான், அது அந்தரத்துல நின்னு போச்சு.

சொல்லவே கூசுது, அந்த ஷோவுக்கு ஸ்பான்சர் ஒரு பெட்டிங் கம்பெனி. இங்கிலாந்து ஃபுட்பால் பிளேயர் ஐவன் டோனிக்கு 2023ல பெட்டிங் விதிகளை மீறினதுக்கு எட்டு மாசம் தடை வந்துச்சு இல்ல, அவருக்கு சூதாட்டப் பழக்கம் ஒரு நோயாவே இருக்குன்னு தீர்ப்புலயே எழுதியிருந்தாங்க, அதைப் பத்தி பேசற எபிசோடுலயும் கீழ பட்டையா அன்னைக்கு மேட்சுக்கான பந்தய ரேட் ஓடுது. பேசறவங்க "ஒழுக்கம் வேணும்"ங்கறாங்க, அவங்க நெஞ்சுக்குக் கீழயே பந்தயம் கட்ட கூப்பிடறாங்க. காசு கட்டினவனுக்கும் அந்தப் பட்டையை மறைக்க வழி இல்ல.

இதுக்காக பிளேயர் தப்பை மூடி மறைக்கணும்னு நான் சொல்லல. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் ஊக்கமருந்து எடுக்கறதைப் பத்தி டேவிட் வால்ஷ்னு ஒரு பத்திரிகையாளர் வருஷக்கணக்கா எழுதினார், அவர் பேப்பர் மேல ஆர்ம்ஸ்ட்ராங் கேஸ் போட்டு, 2006ல பேப்பர் பணம் கொடுத்து சமாதானம் ஆக வேண்டி வந்துச்சு, அப்புறம் 2012ல ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டமும் போயி, 2013 ஜனவரியில அவரே டிவியில ஒத்துக்கிட்டார். யாரும் கத்தல அங்க, ஒருத்தர் விடாம ஆளுங்களைத் தேடிப் போய் பேசினார், அவ்வளவுதான். அந்த மாதிரி வேலை இந்த ஆப்லயும் நடக்குது, அதுக்குத்தான் அந்த ரெண்டு மார்க். ஊக்கமருந்து டெஸ்ட் பத்தி ஒரு நீளமான கட்டுரை வந்துச்சு, எடுத்த சாம்பிளை ஏ, பி-ன்னு ரெண்டா பிரிச்சு வைப்பாங்க, ஏ சாம்பிள்ல பாசிட்டிவ் வந்ததும் பி சாம்பிளைத் திறக்கச் சொல்ல பிளேயருக்கு உரிமை இருக்கு, ரெண்டும் ஒத்துப் போகலன்னா அந்த டெஸ்டை வச்சு தண்டிக்க முடியாது, ஆனா ஒத்துப் போச்சுன்னா மருந்து உடம்புக்குள்ள எப்படி வந்துச்சுன்னு விளக்க வேண்டியது பிளேயர் பொறுப்புன்னு அழகா எழுதியிருந்தாங்க. எட்டு மாசத்துல நான் சேமிச்சு வச்ச கட்டுரை அது ஒண்ணுதான். ஹோம் பேஜ்ல ஒரு நாள் கூட நிக்கல, மேல ஏதோ ஒரு பிளேயரோட விவாகரத்து வதந்தி வந்து உட்கார்ந்துடுச்சு.

கேன்சல் பண்றதுக்கு முன்னாடி கருத்துப் பெட்டியில எழுதினேன்: யார் மேல புகார்னு அலர்ட் அனுப்பினீங்களோ, அந்தக் கேஸ் முடிஞ்சதும் அதே ஆளுங்களுக்கு அதே சத்தத்தோட முடிவையும் அனுப்புங்கன்னு. அந்த செய்தியைத் திறந்தது யாருன்னு அவங்ககிட்ட கணக்கு இருக்கும், அதனால இது ஒண்ணும் முடியாத வேலை இல்ல. "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு தானா ஒரு மெயில் வந்துச்சு, வேற பதில் இல்ல.

ஏற்கனவே காசு கட்டிட்டவங்க செட்டிங்ஸ் போய் நோட்டிஃபிகேஷன்ல ஸ்கோரை மட்டும் விட்டுட்டு பிரேக்கிங் நியூஸை ஆஃப் பண்ணிடுங்க. நீளமான கட்டுரையெல்லாம் மெனுவுல கடைசிக்கு முந்தின பட்டன்ல இருக்கு, கண்டுபிடிக்க எனக்கு மூணு மாசம் ஆச்சு. பையனுக்கு அதே போஸ்டர் புதுசா வாங்கிக் கொடுத்தேன், இன்னும் ஒட்டல, சுருட்டி அலமாரி மேல வச்சிருக்கான்.