முதலில் காரைப் பார்க்கப் போன வழக்கறிஞர்

சென்ற ஆண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இங்கே எல்லோரும் ரோபோ என்று சொல்லும் போக்குவரத்து விளக்கின் சிவப்பை மீறி வந்த வேன் எங்கள் காரின் முன்பக்கத்தில் மோதியதில், இடப்பக்க முன்னிருக்கையில் இருந்த அம்மாவின் கணுக்கால் முறிந்தது. இழப்பீட்டுக்காகச் சாட்ஸ்வொர்த்தில் உள்ள ஒரு சிறிய வழக்கறிஞர் அலுவலகத்தை நாடினோம். கோரிக்கை இன்னும் முடியாததால் பெயரைத் தவிர்க்கிறேன்.

அந்த வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வி, கார் இப்போது எங்கே நிற்கிறது என்பதுதான். காப்பீட்டு நிறுவனம் அதை உடைப்புக்கு அனுப்பவிருந்ததை அன்றே கடிதம் எழுதித் தடுத்து, மறுநாள் தாமே வந்து அம்மாவின் சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து டார்ச் வெளிச்சத்தில் காட்டினார். ஒரு சாண் நீளத்துக்குப் பட்டை இஸ்திரி போட்டதுபோல் மினுங்கியது. தோளருகே பட்டை நுழையும் வளையத்தின் பிளாஸ்டிக்கும் அதே அகலத்துக்குச் சிராய்ந்திருந்தது. பெல்ட் அணியாதவருக்கு இழப்பீடு குறைக்கப்படலாம் என்பதால், இந்தத் தடயமே அம்மாவுக்குப் பெரிய துணை என்றார். பிறகு மிதியடியைத் தூக்கி, கால் வைக்கும் இடத்தில் தகடு மேல்நோக்கி மடிந்திருந்ததைப் படமெடுத்தார்.

காரின் வடிவமைப்பே காரணமென்று தயாரிப்பாளர்மீது வழக்குத் தொடரலாமே என்று நான் கோபத்தோடு கேட்டேன். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 61-ஆவது பிரிவின்படி, அலட்சியத்தை நிரூபிக்காமலே தயாரிப்பாளரையும் விற்பவரையும் பொறுப்பாக்கலாம். ஆனால் குறைபாட்டை நாம்தான் நிரூபிக்க வேண்டும். இங்கே சட்டப்படி விற்கப்படும் கார்களுக்குள்ளேயே பாதுகாப்பு மிகவும் வேறுபடுகிறது: கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2017-இல் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் நடத்திய மோதல் சோதனையில், பெரியவர்களுக்கான பாதுகாப்பில் டொயோட்டா இடியோஸ் நான்கு நட்சத்திரம் பெற்றது, செரி க்யூக்யூ3 ஒன்றுகூடப் பெறவில்லை. தகடு மடிந்ததால் மட்டும் குறைபாடு நிரூபணமாகாது, பொறியியல் நிபுணரின் கட்டணமே உங்களை மூழ்கடித்துவிடும் என்று அவர் தடுத்தார். வழக்கு வளர்ந்தால் தமக்கு வருமானம் என்றிருந்தும் அப்படிச் சொன்னதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

எனவே சாலை விபத்தில் காயமடைந்தவர்களுக்கு இழப்பீடு தரும் அரசு அமைப்பான சாலை விபத்து நிதியத்திடம் மட்டுமே கோரினோம். மோதிய வண்டி அடையாளம் தெரிந்தால் 3 ஆண்டுகள், தெரியாவிட்டால் 2 ஆண்டுகள் கெடு. வலிக்கும் வேதனைக்குமான தொகை கடுங்காயத்துக்கு மட்டுமே உண்டு என்பதால், அம்மாவுக்கு அது கிடைக்காமலும் போகலாம் என்று முன்கூட்டியே கூறிவிட்டார். வென்றால் மட்டும் வழக்கறிஞருக்குத் தரும் வெற்றிக்கட்டணம், வழக்கமான கட்டணத்தின் இருமடங்கு, கிடைக்கும் தொகையில் 25 விழுக்காடு ஆகிய இரண்டில் குறைவானதைத் தாண்டக் கூடாது. எழுத்து ஒப்பந்தத்திலிருந்து 14 நாட்களுக்குள் விலகவும் உரிமை உண்டு. இதையெல்லாம் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, வரிவரியாகப் படித்து விளக்கினார்.

தொலைபேசியில் அவரைப் பிடிப்பது மட்டும் கடினம். மூன்று நான்கு நாள் பதிலே வராது. காலில் கட்டோடு வருபவர்களுக்கு மாடிப்படி பெருந்துன்பம், லிஃப்ட் கிடையாது. அலுவலகம் இதைக் கட்டாயம் சரிசெய்ய வேண்டும்.

கார் உடைப்புக்குப் போய்விட்டது; அந்தப் பெல்ட் மட்டும் முத்திரையிட்ட உறையில் அவர் அலமாரியில் இருக்கிறது.