எஃப்எஃப்எம்பெக்கோடு சில வருடங்கள்

மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தில் யார் வீட்டுக் கல்யாண டிவிடியானாலும், அரங்கேற்ற மெமரி கார்டானாலும் கடைசியில் என் மேஜைக்குத்தான் வரும். "டிவியில ஓட மாட்டேங்குது, கொஞ்சம் பாருப்பா" என்பார்கள். பல வருடமாக எனக்கு எஃப்எஃப்எம்பெக்தான் துணை. 2000-இல் ஃபப்ரீஸ் பெல்லார்ட் தொடங்கிய, வீடியோ, ஒலி ஃபைல்களை வேறு வடிவத்துக்கு மாற்றும் இலவசக் கருவி. பட்டன் எதுவும் கிடையாது, டெர்மினலில் கட்டளையை டைப் செய்ய வேண்டியதுதான்.

என்னிடம் வருகிறவற்றில் நிறைய ஃபைல்களை மறுபடி என்கோட் செய்யவே, அதாவது படத்தைப் புதிதாகச் சுருக்கி எழுதவே, வேண்டியிருக்காது. எம்கேவி என்ற டப்பாவுக்குள் எச்.264 முறையில் சுருக்கிய வீடியோவும் ஏஏசி முறை ஒலியும் இருந்தால், எம்பி4 டப்பாவாக்க 'மைனஸ் சி காப்பி' என்ற கட்டளை போதும். மேல் டப்பா மட்டும் மாறும், படத்தின் தரம் துளிகூடக் குறையாது. அதனால் முதலில் கூடவே வரும் எஃப்எஃப்புரோப் கருவியைப் போட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவேன்.

தலைவலி தருவது கேம்கார்டரின் எம்டிஎஸ் ஃபைல்கள்தான். பெரும்பாலும் 1080ஐ, அதாவது ஒவ்வொரு ஃபிரேமிலும் அடுத்தடுத்த இரண்டு நொடித்துணுக்குகள் வரி மாற்றி வரி பின்னியிருக்கும். மாமி ஒருவர் தன் பேத்தியின் அரங்கேற்றத்தைக் கொண்டுவந்தார். அலாரிப்பில் அவள் நிற்கும்போது படம் சுத்தமாக இருக்கிறது. ஜதி வேகம் பிடித்ததும் விரல் நுனியெல்லாம் சீப்புப் பல். இந்தப் பல்லை நீக்கும் யாடிஃப் ஃபில்டரை அப்படியே போட்டால் நொடிக்கு 25 ஃபிரேம் வருகிறது, பல்லும் போய்விடுகிறது, ஆனால் அடவில் ஒரு வெட்டு தெரிகிறது. அதே வேலைக்கான பிடபிள்யூடிஃப் ஃபில்டரைச் சும்மா போட்டாலே 50 ஃபிரேம் தருகிறது. நாட்டியத்துக்கு இதைத் தவிர வேறெதையும் நான் போடுவதில்லை.

தரத்துக்கு சிஆர்எஃப் என்ற எண். எச்.264 ஆக்கும் எக்ஸ்264-இல் சொல்லாமல் விட்டால் 23. நான் 20 வைக்கிறேன், எண் குறையக் குறையத் தரம் கூடும். எச்.264-க்கு அடுத்து வந்த எச்.265 இடத்தை மிச்சப்படுத்தும், சரி, ஆனால் இங்கே பல வீட்டுப் பழைய டிவிகளுக்கு அது புரியாது.

நிறைய ஃபைல்களை மொத்தமாக ஓட்ட, டெர்மினலின் பேஷ் மொழியில் ஒரு ஃபார் லூப் (ஒவ்வொரு ஃபைலுக்கும் அதே வேலையைத் திரும்பச் செய்யும் கட்டளை) போதும். ஃபைல் பட்டியலை வரி வரியாகப் படிக்கும் வொயில் ரீட் லூப்பில் கொடுப்பதானால், எஃப்எஃப்எம்பெக் கட்டளையில் 'நோஎஸ்டிடிஇன்' என்ற ஆப்ஷன் கட்டாயம். இல்லையென்றால் எஃப்எஃப்எம்பெக் பட்டியலையே விழுங்கி, பாதி ஃபைலைத் தாண்டிப் போகும். தற்காலிகப் பெயரில் எழுதி, பிழையில்லாமல் முடிந்தால் மட்டும் சரியான பெயருக்கு மாற்றுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் அரைகுறை ஃபைல் முடிந்ததுபோல் உட்கார்ந்திருக்காது. மே மாதத்தில் ராத்திரியில்தான் ஓட்டுவேன், பகலில் லேப்டாப் ஃபேன் போடும் சத்தம் தாங்காது.

பிழைச் செய்திகளைப் படித்துப் புரிந்துகொள்ளத் தனிப் பொறுமை வேண்டும். ஒரே ஒரு ஃபைல்தான் என்றால் பட்டன்களோடு வரும் ஹேண்ட்பிரேக் செயலி போதும். ஆனால் அதில் காப்பி வழி கிடையாது, வீடியோவை எப்போதும் மறுபடி என்கோட் செய்துதான் தரும்.