கூலன்ட் கசிவும் கைப்பம்ப் பிரஷர் டெஸ்டரும்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் பெட்ரோல் போலத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. டேங்கில் மட்டம் மாதாமாதம் இறங்கினால் எங்கோ வழி இருக்கிறது. அதைத் தேடாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் ஒருநாள் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போகும். கசிவைத் தேட கூலன்டில் கலக்கும் சாயம், புற ஊதா விளக்கு என்று பல இருந்தாலும், நாள்பட்ட பயன்பாட்டில் முதலில் கை நீள்வது அழுத்தம் காட்டும் முள்ளோடு கூடிய கைப்பம்பான பிரஷர் டெஸ்டரை நோக்கித்தான்.

காரணம் எளிது. இன்ஜின் ஆறியதும் அழுத்தம் போய்விடும், கசிவும் நின்றுவிடும். சூடாக ஓடும்போது கசியும் துளியோ மேனிஃபோல்டில் (இன்ஜினின் சூடான புகைக்குழாயில்) பட்டு ஆவியாகிவிடும். டெஸ்டர் ஆறிய இன்ஜினிலேயே அழுத்தத்தை உண்டாக்குவதால், பக்கத்தில் குனிந்து நிதானமாகப் பார்க்கலாம்.

ரேடியேட்டர் அல்லது எக்ஸ்பான்ஷன் டேங்க் மூடியைக் கழற்றி, பொருந்தும் அடாப்டரை மாட்டி, மூடியில் அச்சிட்ட அளவு வரை மட்டும் பம்ப் அடிக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் அது 0.9 முதல் 1.4 பார், அதாவது 13 முதல் 20 பி.எஸ்.ஐ. அதைத் தாண்டினால் பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியோ ஹீட்டர் கோரோ (காருக்குள் சூடு தரும் சிறு ரேடியேட்டர்) சோதனையிலேயே உடையலாம். 15 நிமிடம் முள் அசையாமல் நின்றால் வெளிக்கசிவு இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். இளஞ்சூட்டில் சோதிக்கக் கூடாது. இன்ஜின் ஆற ஆற முள் தானாக இறங்கும், இல்லாத கசிவைத் தேட வைக்கும்.

டெஸ்டரில் முதலில் தேய்வது அடாப்டரின் ரப்பர் வளையம். காய்ந்து வெடித்தால் அதன் வழியே காற்று போகும், பழி ரேடியேட்டர் மீது விழும். வருடம் ஓரிரு முறை சிலிக்கான் கிரீஸ் தடவினால் நிறைய நாள் வரும். முள் இறங்கியதும் முதலில் அடாப்டரைச் சுற்றிச் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

மூடியையும் தவறாமல் சோதியுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். சரிபாதி கலந்த கூலன்ட் திறந்த நிலையில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும், 1 பார் அழுத்தத்தில் சுமார் 129 டிகிரி வரை தாங்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் அந்தத் தாங்குதிறன் குறைந்து, கூலன்ட் வழிந்தோடும் குழாய் வழியே போய்க்கொண்டிருக்கும். எங்கும் ஈரமே தெரியாது. ஆறிய பின் மேல் ஹோஸ் சப்பிப் போயிருந்தால், மூடிக்குள் இருக்கும் வெற்றிட வால்வு சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

அழுத்தம் நிற்கும்போது பார்க்க வேண்டிய இடங்கள்: ஹோஸ் முனைகள், ரேடியேட்டரில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் மடிப்பு, எக்ஸ்பான்ஷன் டேங்கின் ஒட்டுக்கோடு, வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு கசிவுத் துளை. அந்தத் துளையில் காய்ந்த லேசான கறை மட்டும் இருந்தால் கவனித்துக்கொண்டால் போதும். துளி சொட்டினால் உள் சீல் போய்விட்டது, பம்பை மாற்ற வேண்டியதுதான். டைமிங் பெல்ட் ஓட்டும் பம்பானால் பெல்ட்டையும் சேர்த்து மாற்றுங்கள். அவிழ்க்கும் வேலை இரண்டுக்கும் ஒன்றே.

முள் இறங்குகிறது, வெளியே ஈரம் இல்லை என்றால் காருக்குள் வாருங்கள். முன் இருக்கை விரிப்பின் அடியில் ஈரம், இனிப்பான வாடை, முன் கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம் மூன்றும் ஹீட்டர் கோரின் அடையாளங்கள். அங்கும் இல்லையானால் சந்தேகம் ஹெட் கேஸ்கட் மீது. ரேடியேட்டர் வாயில் உள்ள காற்றை நீல நிறச் சோதனை திரவத்தின் வழியே இழுத்தால், இன்ஜினில் எரிந்த வாயு கலந்திருக்கும்போது பெட்ரோல் இன்ஜினில் அது மஞ்சளாக மாறும். கூலன்டையே உறிஞ்சிவிட்டால் திரவம் கெட்டுவிடும். மட்டத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கசிவை அடைக்கும் பொடியும் திரவமும் வழியில் நின்ற காரை வீடு சேர்க்க மட்டுமே. ஓட்டையை அடைக்கும் அதே துகள் ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். நீண்ட நாள் தீர்வாக இதைப் பரிந்துரைக்கவே முடியாது.

ஹோஸ் மாற்றும்போது பழைய ஹோஸை முறுக்கிப் பிடுங்காமல் நீளவாக்கில் கீறி உரியுங்கள். ஹோஸ் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் கழுத்து முறியாது. கழுத்தில் படிந்த வெள்ளைப் பூப்பை நைலான் தேய்ப்பானால் வழவழப்பாக்காவிட்டால் புது ஹோஸும் கசியும். கிளாம்ப் கழுத்தின் மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். திருகும் கிளாம்பைவிட ஸ்பிரிங் கிளாம்ப் நல்லது: குளிரில் ரப்பர் சுருங்கினாலும் பிடி விடாது. காலையில் மட்டும் சொட்டும் கசிவுகள் பல இதை மாற்றியதிலேயே நின்றுவிடும்.

நிரப்பும்போது நிறத்தை நம்பாதீர்கள், கார் கையேட்டில் சொன்ன தரத்தைப் பாருங்கள். தண்ணீர் விட்டு அலசியிருந்தால் இன்ஜின் பிளாக்கில் கொஞ்சம் தங்கியிருக்கும். மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர் என்றால் முதலில் 3 லிட்டர் அடர் கூலன்டை ஊற்றி, மீதியை காய்ச்சி வடித்த நீரால் நிரப்பினால் கலவை சரிபாதிக்கு வரும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று நீக்கும் திருகு இருந்தால் திறந்து, குமிழி நின்றதும் மூடி, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஐடிலில் விடுங்கள். வடித்த பழைய கூலன்டைத் திறந்த பாத்திரத்தில் விடக் கூடாது. இனிப்புக்காக நாயும் பூனையும் நக்கும், எத்திலீன் கிளைக்கால் சிறிதளவே உயிரைப் பறிக்கும்.

மறுநாள் ஆறிய இன்ஜினில் மட்டத்தைச் சரிசெய்து, டெஸ்டரை இன்னொரு முறை மாட்டிப் பாருங்கள். கழற்றும் முன் டெஸ்டரின் வால்வைத் திறந்து முள் சுழியத்துக்கு வரும்வரை காத்திருங்கள், இல்லாவிட்டால் கூலன்ட் முகத்தில் அடிக்கும்.