பழைய காருக்கு மீற்றரா, டெஸ்ட் பல்ப்பா?

திருகோணமலையில், அதுவும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெட்டவெளியில் நிற்கும் பழைய சன்னி, கொரோலா கார்களுக்கு உப்புக்காற்றுதான் முதல் எதிரி. பற்றரித் தலையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கும். பற்றரியின் நெகட்டிவ்விலிருந்து என்ஜினுக்குப் போகும் எர்த் வயர் நட்டுக்கடியில் துருப்பிடிக்கும். காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வரும். உடனே புதுப் பற்றரி வாங்க ஓடுவார்கள். இருக்கும் வழிகளில் செலவு கூடியது அதுதான். கோளாறு எர்த் வயரில் என்றால் புதுப் பற்றரிக்கும் அதே 'டிக்'தான்.

சரி, சோதித்துப் பார்ப்பதென்றால் எதை வைத்து?

ஹோர்ன், வைப்பர், பார்க் லைட் கோளாறுகளுக்கு என் வாக்கு 21 வாட் சிக்னல் பல்ப்பில் இரண்டு வயர் கட்டிய டெஸ்ட் பல்ப்புக்கு. மீற்றர், அதாவது வோல்ட் அளக்கும் மல்டிமீற்றர், கரண்டை இழுப்பதே இல்லை எனலாம். அதனால் அரித்துப்போய் அரைகுறையாக ஒட்டியிருக்கும் இணைப்பிலும் 12 வோல்ட் என்று காட்டிவிடும். பல்ப் ஒன்றே முக்கால் அம்பியர் கேட்கும். இணைப்பு மோசமென்றால் மங்கிவிடும். கம்ப்யூட்டர் உள்ள கார்களில் மட்டும் அதன் வயர்களில் பல்ப்பை வைக்காதீர்கள்.

ஸ்டார்ட் ஆகாத காரில் கதை மாறுகிறது. என்ஜினைச் சுற்றிவிடும் மோட்டாரான ஸ்டார்ட்டர் 150 அம்பியர் இழுக்கும்போது, எர்த் இணைப்பில் 0.02 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே போய்விடும். அந்தச் சிறு தடை பல்ப்புக்குத் தெரியாது, பளிச்சென்று எரியும். வோல்ட்டில் வைத்த மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகட்டிவ் முளையில் (வயரின் கவ்வியில் அல்ல), மற்றதை என்ஜின் இரும்பில் வைத்து ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைப்பைக் கழற்றி, சாண்ட் பேப்பரால் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் பூசுங்கள். பொசிட்டிவ் முளைக்கும் ஸ்டார்ட்டரில் தடித்த வயர் வந்து சேரும் முனைக்கும் இடையிலும் இதே சோதனைதான். 'டிக்' மட்டும் கேட்டு, இரண்டு சோதனையிலும் மீற்றர் பூச்சியத்துக்குக் கிட்ட நின்று, பற்றரியும் 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்காவிட்டால் ஸ்டார்ட்டரைக் கழற்ற வேண்டியதுதான்.

பற்றரியின் நிலையையும் மீற்றர்தான் சொல்லும். இரவு முழுக்க நின்ற பற்றரி 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.0 என்றால் ஏறக்குறைய காலி. என்ஜின் ஓடும்போது 14க்குக் கிட்ட வராவிட்டால், பற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஓல்டர்னேட்டர் பக்கம் பாருங்கள்.

பல்ப்பைப் பழைய சிக்னல் லைட்டிலிருந்து சும்மா எடுக்கலாம், ஆகவே காசு மீற்றருக்கு. அதை அம்பியரில் வைத்து ஸ்டார்ட்டர் கரண்டை அளக்கப் போகாதீர்கள். சாதாரண மீற்றர் 10 அம்பியருக்கு மேல் தாங்காது.