செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய சீரக மிட்டாய்
சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு மளிகை வாங்கப் போனபோது, ஒரு சின்ன மிட்டாய்க் கடையில் கால் கிலோ சீரக மிட்டாய் வாங்கினேன். அவ்வளவு நன்றாக இருந்தது, சொல்லியே ஆக வேண்டும். பெயர் சீரகம் என்றாலும் உள்ளே இருப்பது சோம்புதான். சோம்பை உருட்டிக்கொண்டே சர்க்கரைப் பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்ததை ஏற்ற வேண்டும், அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். இங்கே பூச்சு மெல்லிசு. வாயில் போட்டதும் இனிப்பு கரைகிறது, கடித்தால் சோம்பு வாசம் சட்டென்று மூக்கில் ஏறுகிறது!

போன ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குப் போனபோது வேறொரு கடையில் வாங்கினேன். சிக்கு வாடை, நாக்கெல்லாம் சிவப்புச் சாயம், பிள்ளைகள் துப்பிவிட்டார்கள்.

அப்புறம், இந்தக் கடையில் சர்க்கரை பூசிய நிலக்கடலையும் உண்டு. அது சுமார்தான், வறுவல் போதவில்லை. கடைக்கார அண்ணனிடமே சொன்னேன், சரி, அடுத்த தடவை பார்க்கிறேன் என்றார். சீரக மிட்டாயில் வெள்ளையாகவே கேட்டு வாங்குங்கள், வீட்டுக்கு வந்ததும் இறுக்கமான டப்பாவில் போடுங்கள், ஈரக்காற்று பட்டால் பிசுபிசுத்துவிடும்.