படுக்கைப் புண்ணுக்குச் சத்துமா டின்னா, முட்டையும் நெத்தலியுமா?

தோட்டத்து லயங்களில் யாராவது பக்கவாதத்திலோ இடுப்பு முறிந்தோ படுத்துவிட்டால், பார்க்க வருகிற சொந்தக்காரர் கையில் ஒரு சத்துமா டின் இருக்கும். அது தீர்ந்தால் கொழும்பில் வேலை செய்யும் பேரப்பிள்ளை அடுத்ததை அனுப்பும். அன்போடு வாங்குவதுதான். ஆனால் இடுப்புக்குக் கீழேயோ குதிகாலிலோ தோல் சிவந்து புண்ணாகத் தொடங்கியவருக்கு டின் மாவா, அடுப்படிச் சாப்பாடா, விட்டமின் குளிசையா என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளுக்கு நான் அடுப்படியைத்தான் சொல்வேன்.

புண் வந்து மெலிந்துபோனவர்களுக்குச் சர்வதேச மருத்துவ வழிகாட்டிகள் சொல்லும் அளவு, கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 30 முதல் 35 கலோரி, 1.25 முதல் 1.5 கிராம் புரதம். 45 கிலோ உள்ள ஒரு அம்மாயிக்கு 1350 கலோரியாவது, 56 கிராம் புரதமாவது வேண்டும். அவர் சாப்பிடுவதோ காலையில் தேத்தண்ணியில் தோய்த்த அரை ரொட்டி, பகலில் ரசம் ஊற்றிய நாலு வாய் சோறு, இரவில் கஞ்சி. இதில் புதுச் சதை எங்கிருந்து வளரும்? கலோரி போதாவிட்டால் உள்ளே போகிற கொஞ்சப் புரதத்தையும் உடம்பு எரித்துவிடும்.

டின் மாவைச் சொன்ன அளவில் கரைத்தால், முதியோருக்கான பல வகைகளில் ஒரு கிளாஸுக்கு 8, 9 கிராம் புரதமும் 200 கலோரிக்கு மேலும் கிடைக்கும். மெல்ல முடியாதவருக்கும், நாலு வாய்க்கு மேல் தலையைத் திருப்பிக்கொள்பவருக்கும் இதுவே நல்லது. ஆனால் மாசம் முழுக்க இழுக்க வேண்டுமே என்று ஆறு கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டு போட்டுக் கலக்குகிறார்கள். அந்தத் தண்ணி வயிற்றை நிரப்பும், புண்ணை ஆற்றாது. சாப்பாட்டுக்குப் பதிலாக டின்னைக் கொடுப்பதும் தவறு. இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவில் கொடுக்க வேண்டும்.

அடுப்படிக் கணக்கைப் பாருங்கள். இரண்டு முட்டையில் 12 கிராம் புரதம். 50 கிராம் பருப்பு 12. 30 கிராம் சோயா மீட் ஏறக்குறைய 15. பால்மா குவியலாக இரண்டு மேசைக்கரண்டி 6. காய்ந்த நெத்தலியில் பாதிக்கு மேல் புரதம்தான், 20 கிராமில் 10க்குக் குறையாது. தலையைக் கிள்ளி, இரண்டு தண்ணியில் அலசி உப்பைப் போக்கி, நன்றாக வறுத்துத் தூளாக்கி வைத்தால், பல் இல்லாதவரும் கஞ்சியில் கலந்து விழுங்குவார். சோறு ரொட்டியில் உள்ளதையும் சேர்த்தால் 56ஐத் தாண்டிவிடும். கலோரிக்குக் கஞ்சியில் தேங்காய்ப்பால், பருப்பில் ஒரு கரண்டி எண்ணெய். வேளைக்குக் கொஞ்சமாக, ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். தலைமாட்டை உயர்த்திச் சாய்த்து உட்கார வைத்தே ஊட்டுங்கள்.

குளிசையைக் கடைசியில் வைக்கிறேன். உடம்பில் குறைபாடு இல்லாதவருக்கு விட்டமின் சி, துத்தநாகக் குளிசையால் புண் சீக்கிரம் ஆறும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. துத்தநாகத்தை அளவு மீறிப் பல நாள் விழுங்கினால் செம்புச் சத்து குறையும். விட்டமின் சிக்கு ஒரு கொய்யாப்பழம் போதும். அர்ஜினின் என்ற புரதக் கூறும் துத்தநாகமும் சேர்த்த விசேஷப் பானம் வேறு விஷயம்: போஷாக்குக் குறைந்த 200 பேரை வைத்து 2015இல் வெளியான ஆய்வில், அதைக் குடித்தவர்களின் புண் மற்றவர்களுடையதைவிட அதிகமாகச் சுருங்கியது. டொக்டர் எழுதிக் கொடுத்து வாங்கவும் வசதி இருந்தால் கொடுக்கலாம்.

நுவரெலியாப் பக்கக் குளிரில் தாகமே எடுக்காது. கக்கூஸ் வெளியே, படி வழுக்கும் என்று தண்ணியைக் குறைத்துக்கொள்ளும் கிழவிகள் உண்டு. வறண்ட தோல் சீக்கிரம் கிழியும். கட்டிலருகில் ஒரு பாத்திரம் வைத்துக் கொடுத்தால் பயமில்லாமல் குடிப்பார்கள். சாயத்தண்ணியைச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். உடனே குடித்தால் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது.

எதைக் கொடுத்தாலும் இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் பலன் இருக்காது. சீனி வருத்தம் உள்ளவருக்கும் புரதம் வேண்டும், இனிப்பு டின்தான் வேண்டாம். சிறுநீரக வருத்தம் இருந்தால் மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. கிளினிக்கில் கேட்டு அளவை முடிவு செய்யுங்கள். புண் கறுத்தாலோ, நாற்றம் அடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.